ஜனவரி மாதத்துப் பாகு

பாகு வெள்ளத்தில் சிக்கி 21 பேர் செத்துப்போனார்கள் என்று சொன்னால் கேட்பவர் முதலில் சிரிப்பார். இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. வெள்ளத்தில் போனவர்கள் உண்டு, தீயில் போனவர்கள் உண்டு, பாகிலா? கரண்டியைச் சாய்த்தால் சொட்டலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிற பொருள் அது. அது தெருவில் ஓடி வந்தால் ஒரு கிழவர்கூட கைத்தடியை ஊன்றி நடந்தே தப்பிவிடலாமே? அமெரிக்காவில் மெதுவான ஆளைக் கிண்டல் செய்ய ஒரு வழக்கே உண்டு: அவன் ஜனவரி மாதத்துப் பாகு என்பார்கள். அந்த ஊர்க் குளிரில் பாகு அப்படி உறைந்து கிடக்கும்.

நம் கதையும் ஜனவரியில்தான் நடக்கிறது. 1919ஆம் ஆண்டு, ஜனவரி 15, புதன்கிழமை. இடம் பாஸ்டன் நகரின் நார்த் எண்ட், துறைமுகத்தை ஒட்டிய நெருக்கமான குடியிருப்பு. இத்தாலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த பகுதி. மூன்று நாட்களுக்கு முன்பு வெப்பநிலை மைனஸ் 17 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியிருந்தது. அன்று நண்பகலில் 4 டிகிரி. நமக்கு அது நடுக்கம். அவர்களுக்கு வெயில் காய்கிற நாள். நகராட்சியின் சாலைப்பணி முற்றத்தில் தொழிலாளர்கள் வெளியே உட்கார்ந்து மதியச் சாப்பாட்டைப் பிரித்திருந்தார்கள். பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் சீட்டாட்டம். சில பிள்ளைகள் விறகு பொறுக்க வந்திருந்தார்கள்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே, கமர்ஷியல் தெருவின் ஓரத்தில், ஓர் இரும்புத் தொட்டி நின்றது. உயரம் 50 அடி, விட்டம் 90 அடி. உள்ளே 23 லட்சம் கேலன் மொலாசஸ்.

மொலாசஸ் என்ற சொல் நம்மூர் சர்க்கரை ஆலைப் பக்கம் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரையைப் படிகமாக எடுத்த பிறகு, இனி இதிலிருந்து படிகம் வராது என்று ஒதுக்கப்படும் கருத்த கழிவுப்பாகு. ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து வடித்தால் ஆல்கஹால். முதல் உலகப் போரின்போது புகையில்லா வெடிமருந்து செய்ய ஆல்கஹால் வண்டி வண்டியாகத் தேவைப்பட்டது. கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலில் வரும் பாகை இறக்கி வைக்க ஒரு பெரிய தொட்டி வேண்டும் என்று 1915இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் இண்டஸ்ட்ரியல் ஆல்கஹால் என்ற நிறுவனம் தன் துணை நிறுவனம் வழியாக அவசர அவசரமாகக் கட்டியது இது. அங்கே இறக்கிய பாகு ரயிலேறி, ஆற்றுக்கு அப்பால் கேம்பிரிட்ஜில் இருந்த வடிசாலைக்குப் போகும். நம் கதை நடக்கும் நாளுக்கு மறுநாள், ஜனவரி 16 அன்று, மதுவிலக்குச் சட்டத்திருத்தத்துக்குத் தேவையான மாநிலங்களின் ஒப்புதல் முழுமையானது. இந்தத் தற்செயலைப் பிடித்துக்கொண்டு, தடைக்கு முன் ரம் காய்ச்சத்தான் தொட்டியை நிரப்பினார்கள் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கதைக்குச் சுவை கூடுகிறது. ஆனால் அந்த நிறுவனத்தின் வேலை தொழிற்சாலைக்கான ஆல்கஹால்.

23 லட்சம் கேலன் என்றால் 87 லட்சம் லிட்டர். சென்னைத் தெருக்களில் போகிற 12,000 லிட்டர் தண்ணீர் லாரிகளை எழுநூற்றுக்கும் மேல் வரிசையாக நிறுத்திக்கொள்ளுங்கள். அத்தனையும் ஒரே தொட்டிக்குள். எடையோ தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மொத்தம் 12,000 டன்.

மதியம் 12.30 மணி தாண்டியிருக்கும். இயந்திரத் துப்பாக்கி சுடுவதுபோலச் சடசடவென்று சத்தம் கேட்டதாக உயிர் பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். தகடுகளைப் பிணைத்திருந்த ரிவெட் ஆணிகள் பிய்த்துக்கொண்டு பறந்த சத்தம் அது. தொட்டி திறந்தது என்பதைவிட, இல்லாமல் போனது என்பது சரி. சுமார் 25 அடி உயரத்துக்கு எழும்பிய கரும்பழுப்பு அலை, மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு பக்கமும் பாய்ந்தது. பிய்ந்த ஒரு தகடு உயர்மட்ட ரயில்பாதையின் தூண்களில் மோதி, பாதை தொங்கிப்போனது. வந்துகொண்டிருந்த ரயில் ஒன்று கொஞ்ச தூரத்தில் நின்றதால் பிழைத்தது. மர வீடுகள் அடித்தளத்தை விட்டுக் கிளம்பி வேறு வீடுகளில் மோதின. தீயணைப்பு நிலையம் நகர்ந்து, கீழ்த்தளம் நசுங்கியது. நகராட்சி முற்றத்தில் சாப்பிட உட்கார்ந்தவர்களில் பலர் எழவே இல்லை. விறகு பொறுக்க வந்த பிள்ளைகளில் இருவர் இறந்தார்கள். இருவருக்கும் பத்து வயது. காயம்பட்டவர்கள் 150 பேர். குதிரைகளின் கணக்கு தனி.

இனிச் சிரிப்பை விட்டுவிட்டு, அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருந்த கேள்வியை எடுத்துக்கொள்வோம். பாகு எப்படி மணிக்கு 56 கிலோமீட்டரில் ஓடும்?

ஒரு திரவம் ஓடுவதற்கு எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்பதை அளக்கும் பண்புக்கு நம் பள்ளிப் பாடநூல்கள் வைத்த பெயர் பாகுநிலை. பொருத்தமான பெயர், இந்தக் கதையைப் படித்துவிட்டு வைத்தார்களோ என்று தோன்றும். திரவத்தின் ஓர் அடுக்கு இன்னோர் அடுக்கின்மேல் வழுக்கிப் போகும்போது எழும் உராய்வு அது. மொலாசஸுக்கு இந்த உராய்வு தண்ணீரைவிடப் பல ஆயிரம் மடங்கு. குளிர்ந்தால் இன்னும் ஏறும்.

ஆனால் ஓடும் திரவத்துக்குள் இரண்டு பேர் மல்லுக்கட்டுகிறார்கள். பாகுநிலை ஒருவர். இன்னொருவர் நிலைமம்: போய்க்கொண்டிருக்கிற பொருள் போய்க்கொண்டே இருக்கப் பார்க்கும் பிடிவாதம். எவர் கை ஓங்கும் என்பதைச் சொல்ல, 1883இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் தன் ஆய்வுகளில் ஓர் எண்ணைப் பயன்படுத்தினார். திரவத்தின் அடர்த்தி, வேகம், ஓட்டத்தின் அளவு மூன்றையும் பெருக்கி, பாகுநிலையால் வகுக்க வேண்டும். விடை ஒன்றுக்கும் கீழே வந்தால் பாகுநிலை ராஜா. ஆயிரங்களில் வந்தால் நிலைமம் ராஜா.

கரண்டியிலிருந்து வழியும் பாகை எடுத்துக்கொள்ளுங்கள். தடிமன் ஒரு சென்டிமீட்டர், வேகம் நொடிக்குச் சில சென்டிமீட்டர். எண் ஒன்றைத் தொடவே தொடாது. இப்போது அதே பாகை ஏழு மீட்டர் உயர அலையாக நொடிக்குப் பதினைந்து மீட்டர் வேகத்தில் விடுங்கள். அளவு நூற்றுக்கணக்கான மடங்கு, வேகமும் நூற்றுக்கணக்கான மடங்கு. பாகுநிலை மட்டும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கிறது. எண் ஆயிரங்களில் போய் உட்காருகிறது. அந்த அளவில் பாகுக்குத் தான் பாகு என்பதே மறந்துபோகிறது. உடைந்த அணையின் தண்ணீர்போலப் பாய்கிறது. உண்மையில் தண்ணீரைவிட மோசம், ஏனென்றால் அதே வேகத்தில் ஒன்றரை மடங்கு எடை வந்து மோதுகிறது.

கொஞ்சம் கணக்குப் போடப் பிடித்தவர்களுக்கு ஒன்று. பக்கச்சுவர் திடீரென்று மறைந்த திரவம் என்ன வேகத்தில் ஓடும் என்பதைத் தோராயமாகப் பிடிக்க, அதன் உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். தொட்டியில் பாகின் உயரம் 15 மீட்டர். 9.8ஆல் பெருக்கினால் 147. வர்க்கமூலம் 12. நொடிக்கு 12 மீட்டர் என்றால் மணிக்கு 43 கிலோமீட்டர். அன்று சாட்சிகள் சொன்ன வேகம் இதே வட்டாரத்தில்தான் வருகிறது. இந்தச் சூத்திரத்தில் பாகுநிலை வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த முதல் சில விநாடிகளுக்கு அது தேவைப்படவில்லை.

தேவைப்பட்டது அதற்குப் பிறகு. இதைத்தான் 2016இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஷ்முவேல் ரூபின்ஸ்டைன் குழுவினரும், அவர்களோடு சேர்ந்து உழைத்த நிக்கோல் ஷார்ப் என்ற பாய்ம இயற்பியலாளரும் ஆராய்ந்தார்கள். குளிரறைக்குள் சிறிய அளவில் பாகு வெள்ளத்தை ஓடவிட்டுப் பார்த்தார்கள். விபத்துக்குச் சில நாட்களுக்கு முன் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த கப்பல் புதுச்சரக்கை இறக்கியிருந்தது. பம்ப்பில் ஏறுவதற்காகச் சூடாக்கி இறக்கிய சரக்கு. 15ஆம் தேதியும் சுற்றுப்புறக் காற்றைவிடச் சூடாகவே இருந்தது. வெடித்த நேரத்தில் பாகு இளகிய நிலையில் பாய்ந்து, தெருவெங்கும் மெல்லிய படலமாகப் பரவி, குளிரில் விறைக்கத் தொடங்கியது. பரவப் பரவத் தடிமன் குறைகிறது, வேகம் குறைகிறது, பாகுநிலையோ ஏறுகிறது. ரெனால்ட்ஸ் எண்ணின் மேலே உள்ள எல்லாம் சுருங்கிக் கீழே உள்ளது பெருத்தால் என்ன ஆகும்? பாகுக்குத் தன் குணம் நினைவுக்கு வந்துவிட்டது.

இந்த விபத்தின் கொடுமையே இந்த வரிசைதான். ஓடித் தப்ப வேண்டிய நேரத்தில் அது தண்ணீராக இருந்தது. தூக்கிக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் பசையாக மாறியது.

தண்ணீரில் நாம் நீந்துகிறோம் என்றால், கையால் பின்னுக்குத் தள்ளிய தண்ணீர் நிலைமத்தால் போய்க்கொண்டே இருக்கிறது, நாம் முன்னால் போகிறோம். நீச்சலடிப்பவரைச் சுற்றி ரெனால்ட்ஸ் எண் பத்து லட்சத்தைத் தொடும். குளிர்ந்த பாகில் அகப்பட்டவர் தவித்துக் கையை ஆட்டும்போது அது நூறைத் தாண்டுவதே கஷ்டம். ஏறக்குறைய அழுக்குத் தண்ணீரில் நீந்தும் சின்னஞ்சிறு புழுவின் நிலைக்கு ஆறடி மனிதன் இறக்கப்படுகிறான். கையைப் பின்னால் இழுக்கும்போது கிடைப்பதை முன்னால் கொண்டுபோகும்போது இழக்கிறான். அசைய அசையச் சோர்வுதான் மிச்சம்.

நசுங்கிய தீயணைப்பு நிலையத்தின் அடியில் சில வீரர்கள் அகப்பட்டிருந்தார்கள். தலைக்கு மேலே சில அங்குல இடம். கீழே ஏறிக்கொண்டிருக்கும் பாகு. ஜார்ஜ் லேஹி என்ற வீரர் மணிக்கணக்கில் தலையை மேலே பிடித்துக்கொண்டிருந்தார். சக வீரர்கள் அறுத்து உள்ளே வருவதற்குள் அவருக்குப் பிடிமானம் போய்விட்டது. துறைமுகத்தில் நின்றிருந்த பயிற்சிக் கப்பல் நாண்டக்கெட்டிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட மாணவ மாலுமிகள் ஓடிவந்து முதல் ஆளாக இறங்கினார்கள். முழங்காலளவுப் பாகில் ஒவ்வோர் அடிக்கும் காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்க வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே பழுப்பு. எது மரக்கட்டை, எது மனிதன், எது குதிரை என்று தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். கடைசி உடல் கிடைக்க மாதங்கள் ஆயின.

சரி, தொட்டி ஏன் உடைந்தது?

நிறுவனம் உடனே ஒரு விடை வைத்திருந்தது: வெடிகுண்டு. இன்றைக்குக் கேட்டால் சமாளிப்புபோலத் தோன்றும். அன்று அப்படியில்லை. அரசே வேண்டாம் என்ற அனார்க்கிஸ்டுகள் அந்த வட்டாரத்தில் இருந்தார்கள். 1916 டிசம்பரில் அதே நார்த் எண்டில் ஒரு காவல் நிலையத்தில் குண்டு வெடித்திருந்தது. தொட்டியில் இருப்பதோ போர் வெடிமருந்துக்கான மூலப்பொருள். வழக்கு விசாரணை தொடங்கிய மறுமாதமே, 1920 செப்டம்பர் 16 அன்று, நியூயார்க்கின் வால் ஸ்ட்ரீட்டில் குண்டு வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிறுவனத்தின் வக்கீலுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

எனக்கு இந்த இடத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. 12,000 டன் பாகு, சராசரியாகத் தரையிலிருந்து ஏழரை மீட்டர் உயரத்தில் தேங்கி நிற்கிறது. அது கீழே விழுந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 90 கோடி ஜூல். டி.என்.டி. கணக்கில் 200 கிலோவுக்கு மேல். குண்டு வைக்க வெளியாள் வர வேண்டிய அவசியமே இல்லை. நகரத்தின் நடுவில் அதை அவர்களே கட்டி, ரிவெட் அடித்து வைத்திருந்தார்கள்.

அந்த ரிவெட்டையும் தகட்டையும் பார்ப்போம். 15 மீட்டர் பாகு, தொட்டியின் அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் இரண்டு கிலோ எடையளவு வெளியே தள்ளும். கேட்க ஒன்றுமில்லைபோல இருக்கும். ஆனால் வட்டத் தொட்டியில் இந்தத் தள்ளல் தகட்டைச் சுற்றுவாக்கில் இழுக்கும் விசையாக மாறுகிறது, பீப்பாயின் இரும்புப் பட்டை இழுபடுவதுபோல. எவ்வளவு இழுவிசை என்பது விட்டத்தைத் தகட்டின் தடிமனால் வகுப்பதைப் பொறுத்தது. விட்டம் 27 மீட்டர். தகடு, அடியில் அதிகத் தடிமனான இடத்திலேயே, 17 மில்லிமீட்டர் அளவுதான். நம் பெருவிரலின் அகலம்கூட இல்லை. இதோடு ஒவ்வொரு ரிவெட்டுக்கும் தகட்டில் ஒரு துளை. வட்டத் துளையின் ஓரத்தில் இழுவிசை மூன்று மடங்காகக் குவியும் என்பது பொறியியல் மாணவர்களுக்கு ஆரம்பப் பாடம்.

ரொனால்ட் மேவில் என்ற பொறியாளர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு இந்தக் கணக்கை எல்லாம் மறுபடி போட்டுப் பார்த்தார். தகடுகள் இருந்திருக்க வேண்டிய தடிமனில் பாதிதான் இருந்தன என்று கண்டார். அதோடு அந்த எஃகில் மாங்கனீஸ் குறைவு. மாங்கனீஸ் குறைந்த எஃகு ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் வளையாது. கண்ணாடிபோல விரிசல் ஓடும். இந்தத் தொட்டியின் எஃகுக்கு அந்த எல்லை சுமார் 15 டிகிரி செல்சியஸ். பாஸ்டனில் குளிர்காலம் முழுவதும் அதற்குக் கீழேதான். டைட்டானிக் கப்பலின் எஃகுக்கும் இதே குறை உண்டு. அந்தக் காலத்துப் பொறியாளர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் தெரிந்திருக்க வழியில்லை என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். முதலாவது தெரியாமல் போக வழியே இல்லை.

ஆனால் தெரிந்திருக்க வேண்டிய இடத்தில் பொறியாளரே இல்லை. தொட்டிப் பணியை மேற்பார்த்தவர் ஆர்தர் ஜெல், துணை நிறுவனத்தின் பொருளாளர். கணக்கு வழக்குப் பார்ப்பவர். தனக்குத் தொழில்நுட்ப வரைபடம் படிக்கத் தெரியாது என்றும், படிக்கத் தெரிந்தவர் எவரிடமும் காட்டவில்லை என்றும் விசாரணையில் ஒப்புக்கொண்டார். கட்டி முடிந்ததும் தண்ணீர் நிரப்பி ஒழுகுகிறதா என்று பார்ப்பது வழக்கம். முதல் கப்பல் வந்துகொண்டிருந்தது. நிரப்பிப் பார்த்தது ஆறு அங்குலம். ஐம்பது அடித் தொட்டியில் கணுக்கால் நனைகிற அளவு. முழுத் தண்ணீர் கொடுக்கும் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்கு. பாகோடு ஒப்பிட்டால் அதற்கும் கீழே.

தொட்டி முதலிலிருந்தே ஒழுகியது. தெருப் பிள்ளைகள் டப்பா கொண்டுவந்து பிடித்துப் போவார்கள். உள்ளே வேலை பார்த்த ஊழியர் ஒருவர் மேலிடத்தில் எச்சரித்தார். இடுக்குகளை அடைத்தார்கள். பிறகு தொட்டிக்குப் பழுப்பு வர்ணம் பூசினார்கள். பாகின் அதே நிறம். இந்தக் கதை முழுவதிலும் நம்ப முடியாத பகுதி எது என்று என்னைக் கேட்டால், 25 அடி அலையைச் சொல்ல மாட்டேன். இந்த வர்ணத்தைத்தான் சொல்வேன்.

119 வழக்குகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டன. நீதிமன்றம் நியமித்த ஹ்யூ ஆக்டன் என்ற வழக்கறிஞர் ஆண்டுக்கணக்கில் சாட்சிகளைக் கேட்டார். ஒரு பக்கம் உலோகவியலாளர்கள், மறுபக்கம் குண்டுக் கோட்பாட்டை நிறுவ வந்த நிபுணர்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் சார்லஸ் ஸ்பாஃபோர்டு, தகடுகள் மெல்லியவை என்று அப்போதே சாட்சி சொன்னார். 1925இல் ஆக்டனின் முடிவு வந்தது: குண்டுக்கு ஆதாரம் இல்லை, தொட்டி பலமற்றது, நிறுவனமே பொறுப்பு. இழப்பீடு சுமார் 6,28,000 டாலர். 1814இல் லண்டனில் ஒரு பீர் ஆலையின் பெரும் பீப்பாய் உடைந்து, பீர் வெள்ளத்தில் எட்டுப் பேர் இறந்தபோது, யார்மேலும் குற்றமில்லை, தற்செயல் என்று முடித்துவிட்டார்கள். அங்கேயும் உடைவதற்குச் சற்று முன்னால் ஓர் இரும்புப் பட்டை கழன்று விழுந்ததை ஊழியர் பார்த்திருந்தார். பாஸ்டனில் தற்செயல் என்று சொல்ல ஆக்டன் மறுத்தார். கட்டட வரைபடங்களில் தகுதிபெற்ற பொறியாளர் கையெழுத்திட வேண்டும் என்ற விதிகள் மாசசூசெட்ஸில் இறுகியதில் இந்த வழக்குக்குப் பங்கு உண்டு.

தெருவைக் கழுவியது தனிப்பாடு. குழாய்த் தண்ணீருக்குப் பாகு மசியவில்லை. தீயணைப்புப் படகுகள் கடல்நீரை இறைத்துப் பீய்ச்சின, மணலைக் கொட்டிச் சுரண்டினார்கள். மீட்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் செருப்பில் அள்ளிக்கொண்டு போனதில் நகரமே பிசுபிசுத்தது. துறைமுகத் தண்ணீர் கோடைவரை பழுப்பாகவே இருந்தது. கோடை வெயிலில் நார்த் எண்ட் தெருக்களில் இன்றும் பாகு வாசம் வரும் என்று அந்த ஊரில் சொல்வார்கள். சர்க்கரை நூறாண்டு கிடப்பதற்கு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் விட்டுவைக்காது. பல பத்தாண்டுகள் வாசம் இருந்ததாகச் சொன்ன பெரியவர்களை நான் மறுக்கவும் மாட்டேன். மூக்கின் நினைவுக்கு வேதியியல் சான்று கேட்பது முறையில்லை.

தொட்டியைத் திரும்பக் கட்டவில்லை. அந்த இடம் இப்போது லாங்கோன் பூங்கா. பிள்ளைகள் பேஸ்பால் விளையாடுகிறார்கள். ஓரத்தில் ஒரு சிறிய பலகை. மைதானத்துக்குக் கீழே, இரண்டடிக்கும் குறைவான ஆழத்தில், தொட்டியின் கான்கிரீட் அடித்தளம் இருப்பதை நிலத்தை ஊடுருவும் ரேடார் கொண்டு கண்டுபிடித்தார்கள். 2019 ஜனவரி 15 அன்று, நூறாவது ஆண்டில், நகரத்துக்காரர்கள் அங்கே கூடி, தொட்டியின் விளிம்பு எங்கே இருந்ததோ அங்கே 90 அடி விட்டத்தில் வட்டமாக நின்றார்கள். 21 பெயர்களும் உரக்க வாசிக்கப்பட்டன.